மாமாவின் கார் நின்ற இடங்கள்

என் மாமாவின் பழைய காரைக் காயலான் கடை பாய் ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை விடுப்பில் வேங்கிக்கால் வீட்டுக்குப் போனபோது, மாமா அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காயலானுக்குப் போற காருக்கு இன்னாத்துக்கு மாமா பாலிஷு?"

"அதுக்குனு அழுக்கா போவணுமா?" என்றார், என்னைப் பார்க்காமல்.

கார் வீட்டிலிருந்து நன்றாகவே கிளம்பும். கொஞ்ச தூரத்தில் இழுவை குறையும்; செருமும்; நிற்கும். பெட்ரோல் கிடைக்காத இன்ஜின் அப்படித்தான் நிற்கும். கொஞ்ச நேரம் விட்டால் தானே கிளம்பும். போன மாதம் பஸ் ஸ்டாண்டு எதிரில் நின்றபோது ஆட்டோக்காரர்கள் பேசிய பேச்சில்தான் மாமா விற்க முடிவெடுத்தார்.

இன்ஜின்கள்தான் என் வேலை. வரிசை மாறாமல் பார்ப்பேன். டேங்கில் பெட்ரோல், ஃபில்டர், பம்ப், கடைசியில் கார்புரேட்டர். மூடியைத் திறந்து குச்சி விட்டேன். பாதி டேங்க் இருந்தது. மற்றவற்றிலும் குறையில்லை. இன்ஜின் சீராக ஓடியது.

"வூட்ல நல்லாதான் இருக்கும். ரோட்டுக்குப் போனாதான் மானத்த வாங்கும்," என்றார் மாமா.

சாயங்காலம் அத்தை வழக்கம்போல் காருக்குப் பூஜை செய்தார். பானட், நான்கு சக்கரம், பெட்ரோல் மூடி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். "யார் கண்ணோ பட்டிருக்கு. நின்னு வர்றப்பல்லாம் ஜாஸ்தியாதான் வெக்கறேன்," என்றார்.

மறுநாள் ஓட்டிப் பார்க்க மூவரும் கிளம்பினோம். செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டியதும் கார் நின்றது.

"போவட்டும் வுடும்மா," என்று என்னிடம் சொல்லி, மாமா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

நான் இறங்கி மறுபடி டேங்கிலிருந்து தொடங்கினேன். மூடியைத் திருகியதும் 'உஸ்'ஸென்று காற்று உள்ளே போனது. மாமா சாவியைத் திருப்ப, சற்று முக்கிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. மூடியின் மேல்புறத்தைப் பார்த்தேன். அதன் நடுவில் இருக்க வேண்டிய ஊசித் துளை, காய்ந்த சந்தனத்துக்கு அடியில் கிடந்தது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக வேறு வழியில்லை. பம்ப் இழுத்தும் பெட்ரோல் வராது. நேற்று நான் மூடியைத் திறந்ததே அதைத் தற்காலிகமாகக் குணப்படுத்தியிருக்கிறது.

அத்தை பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா அது?"

நான் பதில் தேடுவதற்குள், அருகில் வந்து நின்ற மாமா, "தூசி அடைச்சிக்கினு இருக்கு," என்றார்.

"தூசி இன்னா, சந்தனக் கலர்லயா இருக்கும்?"

அத்தை தன் வளையலிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி ஜன்னல் வழியாக நீட்டினார். நான் துளையைக் குத்தித் திறந்தேன்.

செங்கம் வரை போய்த் திரும்பினோம். கார் எங்கும் நிற்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் மாமா போன் போட்டார். "பாய், நாளைக்கு வராதீங்க. இல்ல இல்ல, வேற யாருக்கும் தரல. வண்டி ஓடுது."

அத்தை சந்தனக் கிண்ணத்துடன் வந்து பெட்ரோல் மூடி எதிரில் தயங்கினார்.

"எங்க வெக்கட்டும், நீயே காட்டு."

மூடிக்கு நாலு விரல் மேலே தொட்டுக் காட்டினேன்.