இரண்டாவது கோடு

என் இரண்டாவது கர்ப்பத்தில் குழந்தை உருவாகவே இல்லை. கர்ப்பப்பை முழுக்கத் திராட்சைக் கொத்துபோல நீர்க்குமிழிகள். அதை முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்றார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து அனுப்பினார்கள். அதன்பிறகு குறைய வேண்டிய கர்ப்ப ஹார்மோன் ஏறியது. மிச்சமிருந்த திசு புற்றுநோயாகியிருக்கிறது, அரிதானது, பெரும்பாலும் ஊசி மருந்திலேயே குணமாகிவிடும் என்றார் டாக்டர். ஒரு வருஷத்துக்குக் கர்ப்பமாகக் கூடாது என்றும் சொன்னார்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எதையும் நம்பவில்லை. சுற்றுச் சுற்றாக ஊசி, வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை. ஹார்மோன் எண் குறைகிறது என்று லேபில் காகிதம் தருவார்கள். ஊசி போடுகிறவர்களும் எண் சொல்கிறவர்களும் ஒரே கட்டடத்தில் இருந்தால் யார் சரிபார்ப்பது? ரயிலேறி, என்னைத் தெரியாத பொத்தேரி மருந்துக் கடையில் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கினேன்.

ஐந்து வாரம், ஐந்து கார்டு. ஐந்திலும் இரண்டு கோடு, கர்ப்பம் என்று. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. உள்ளே நிஜமாகவே ஒரு குழந்தை இருந்து, மருந்து அதைத்தான் கரைத்துக்கொண்டிருந்தால்? மூன்று வயது மகளுக்குச் சோறு ஊட்டும்போதுகூட என் கை வயிற்றுக்குப் போனது.

புடவைகளுக்கு அடியில் இருந்த கார்டுகளை மாமியார் பார்த்துவிட்டார். கடப்பாக்கத்தில் மீன் விற்கிறவர், எதையும் சுற்றி வளைத்துக் கேட்கமாட்டார்.

"கூடாதுன்னு டாக்டரம்மா அவ்ளோ சொன்னாங்களே. படிச்சவதானே நீ, இன்னாமா பண்ணி வெச்சிகீற?"

என் பயத்தைச் சொன்னேன். கார்டுகளை ஒன்றாக அடுக்கி என் கையில் கொடுத்தார்.

"அப்ப ஊசி போட்டுக்காத. மொதல்ல படம் புடிச்சிக் காட்டச் சொல்லு."

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கார்டுகளை மேசையில் வரிசையாக வைத்தேன். டாக்டர் கோபப்படவில்லை.

"இந்தக் கார்டுக்கு ஹார்மோன் நிறைய இருந்தாலும் ஒண்ணுதான், கொஞ்சம் இருந்தாலும் ஒண்ணுதான். இருந்தா கோடு போடும். எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு சொல்லத் தெரியாது. இந்த நோய்த் திசுவும் அதே ஹார்மோனைத்தான் சுரக்கும்."

பிறகு ஸ்கேன் செய்து, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மாமியார் முகத்தைத் திரைக்கு வெகு அருகில் கொண்டுபோனார்.

"கொயந்த எங்கியாவது இருக்குதாமா? மறைக்காத சொல்லு."

"இல்லம்மா. இருந்தா நானே காட்டமாட்டேனா?"

மாமியார் நிமிர்ந்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதாவது துடிக்கும் என்று காத்திருந்தேன். எதுவும் துடிக்கவில்லை. அன்று ஊசி போட்டுக்கொண்டேன், மருந்துக் குப்பியின் பெயரை ஒருமுறை படித்துவிட்டு.

சில வாரங்களில் எண் சரியான அளவுக்கு வந்தது. சோதனைக்கு எட்டாத மிச்சம் இருக்கலாம், இன்னும் மூன்று சுற்று போட வேண்டும் என்றார் டாக்டர். அதையும் சந்தேகத்தோடுதான் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கார்டு பார்த்தேன். ஒரே கோடு. மாமியார் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு கோடுன்னா நல்லதாமா?"

நல்லதுதான் அத்தை என்றேன். அதைச் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.