வெள்ளையடித்த பக்கம்

நேற்று பக்கத்து வீட்டில் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்த வாசனைக்கு இந்த வயதிலும் நான் ஜன்னலைச் சாத்தினேன். என் பள்ளி நாட்களில், காஜா பேராங் பகுதியில் இப்போது இல்லாத எங்கள் லயத்தின், அதாவது நகராட்சித் தொழிலாளர் வரிசை வீடுகளின், தகரக் கூரைகள் தெரியாதபடி, சுதந்திர விழாவுக்காகச் சுவர் எழுப்பி, சாலைப் பக்கத்துக்கு மட்டும் வெள்ளையடித்துப் பூந்தொட்டிகளும் வைத்திருந்தார்கள். அதை எங்கள் பங்களா மதில் என்று பள்ளித் தோழன் சந்திரனிடம் நான் அளந்துகொண்டிருந்தபோது, கிழிந்த சேலையோடு அம்மா எட்டிப் பார்த்தாள்.

“யாருடா அது?” என்றான் சந்திரன்.

மகாவீரனான நான் பூந்தொட்டியைப் பார்த்தபடி, “வேலைக்காரிடா” என்றேன்.

அம்மா உள்ளே போய் இரண்டு கிளாஸ் கோப்பியோடு வந்தாள். அவனுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு என் பக்கம் குனிந்து, “சூடா இருக்கு, சின்னையா. பாத்துக் குடிங்க” என்றாள்.