வளைவு மட்டும்

ஸ்கார்பெக்கில் என் கணவர் வில்ஃப் ஹார்ஸ்ஃபாலைப் பற்றி யாரிடம் கேட்டாலும், "அணைக்கரை பூரா குழி தோண்டினாரே, அவரா?" என்றுதான் கேட்பார்கள். முப்பத்தைந்து வருஷம் கம்பளி ஆலையில் தறி மேஸ்திரியாக இருந்தவர். சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதெல்லாம் ஒருவருக்கும் ஞாபகமில்லை. குழிதான் ஞாபகம். இந்த ஊர்மேல் எனக்குப் பெரிய மரியாதை எப்போதும் இருந்ததில்லை.

நான் தெற்கே கென்ட்டில் பிறந்தவள். கல்யாணமாகி யார்க்ஷயருக்கு வந்த முதல் வாரம், வேலைக்குக் கிளம்பும்போது வில்ஃப் சொன்னார்: "ஏழு மணி மட்டும் வீட்டுக்கு வரமாட்டேன்." ஏழு மணிக்கு மட்டும் வரமாட்டாராம், ஆறு மணிக்கு வருவாராக்கும் என்று ஆறுக்கே ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சமைத்து வைத்துவிட்டு, ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் பேசப் போய்விட்டேன். அவர் சரியாக ஏழுக்கு வந்து ஆறிப்போன சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் 'மட்டும்' என்றால் அது ஒன்றுதான், வேறில்லை என்று அர்த்தம். இவர்களுக்கு 'மட்டும்' என்றால் 'வரை'. ஏழு மணி வரை வரமாட்டேன் என்றிருக்கிறார். அந்தக் கதையை அவர் தம்பிகள் நார்மனும் கிளிஃப்பும் இருபத்து நாலு கிறிஸ்துமஸுக்குச் சொல்லிச் சிரித்தார்கள்.

தம்பிகள் இருவரும் படித்துக் கவுன்சில் ஆபீசில் உட்கார்ந்தவர்கள். வில்ஃபைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வகுப்புக்கு முன்னால் நிறுத்தி 'மரமண்டை' என்று கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பெயர் தெருவரைக்கும் வந்து, வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. பதினைந்து வயதில் படிப்பை விட்டார். தம்பிகள் அவரிடம் எப்போதும் கொஞ்சம் மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போலப் பேசுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் ஆலையை மூடினார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் நூலகத்திலிருந்து அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஹ்யூகோ ஃபேன்ஷா என்ற லண்டன் ஓவியர் வரைந்தது. பன்னிரண்டு படம், பன்னிரண்டு பாட்டு. ஒரு வெள்ளி நாரையைப் பெட்டியில் வைத்து நாட்டில் எங்கேயோ புதைத்துவிட்டு, இடத்தைப் படத்துக்குள்ளும் பாட்டுக்குள்ளும் ஒளித்து வைத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்கலாம் என்பதால் நாடே பைத்தியமாக அலைந்தது. பாதிரியார்கள் தங்கள் தோட்டத்தைத் தோண்டாதீர்கள் என்று பலகை மாட்டினார்கள். நானும் சிரித்தேன்.

நான்காவது படத்தில் ஒரு சீமாட்டி கட்டம் போட்ட சால்வையோடு நிற்பாள். வில்ஃப் பூதக்கண்ணாடியை வைத்து அந்தச் சால்வையையே ஒரு வாரம் பார்த்தார்.

"இந்தத் துணிய எந்தத் தறியிலயும் நெய்ய முடியாது, மேவிஸ்."

"படம்தானே. அவருக்கு நெசவு தெரியாம இருக்கும்."

"தெரியாதவன் வேற மாதிரி தப்புப் பண்ணுவான். இது அஞ்சு இழைக்கு ஒரு தடவை ஒழுங்கா முறியுது. இது துணியில்ல புள்ள, எழுத்து."

கட்டம் போட்ட தாளில் மேலே வரும் இழைக்குக் கறுப்பு, கீழே போகும் இழைக்கு வெள்ளை என்று தீட்டினார். அஞ்சஞ்சாகப் பிரித்து, ஒவ்வொரு அஞ்சையும் ஒரு எழுத்தாக வைத்துப் பார்த்தார். மூன்று வாரம் சாப்பாட்டு மேஜையில் எனக்கு இடமே இல்லை. கடைசியில் எழுத்துகள் வந்து நின்றன: கிரேவ்ஷா அணை. எங்கள் வீட்டிலிருந்து நாலு மைல். அவர் வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன், அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். கல்யாண நாளன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"ஒரே ஒரு தடவை, மேவிஸ்," என்றார். "இந்த மண்டைக்குள்ளயும் ஏதோ இருக்குன்னு இந்த ஊரு ஒரு தடவை சொல்லணும். அது போதும் எனக்கு."

இனி மிச்சமிருந்தது பன்னிரண்டாம் பாட்டு.

நீரை இடப்புறம் வைத்து வாயிலில் தொடங்கு,
மதிலின் வளைவு மட்டும் கல் எண்ணு;
எண்ணி முடிந்த கல்லருகே நின்று
எண்ணிக்கை அத்தனை அடி மதிலை விட்டு நட.

கிரேவ்ஷா அணையைச் சுற்றிக் கருங்கல் மதில் ஓடும். அதன் ஓரமாக முழங்கால் உயரத்துக்கு எல்லைக் கற்கள். வாயிலிலிருந்து வளைவு தொடங்கும் வரை எண்ணினார் வில்ஃப். முப்பத்தொன்று. அங்கிருந்து முப்பத்தோரடி தள்ளித் தோண்டினார். சேறு. ஓவியர் உயரமானவரோ, அடி பெரிதோ என்று தள்ளித் தோண்டினார். உடைந்த கல்லைச் சேர்த்து எண்ணினார், விட்டு எண்ணினார். சனிக்கிழமை தவறாமல் போனார். அணைக் காவலாளி இரண்டு முறை விரட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தம்பிகள் சாப்பிட வந்திருந்தார்கள். நான் குழம்பும் புட்டிங்கும் பரிமாறிக்கொண்டிருந்தேன். நார்மன் பாட்டை உரக்கப் படித்துக் கேலி செய்தபோதுதான் அது என் காதில் முதல் தடவையாகச் சரியாக விழுந்தது.

"வளைவு மட்டும்னா வளைவுல இருக்கற கல்லு மட்டும்தானே?" என்றேன். "வாயில்லேருந்து ஏன் எண்றீங்க?"

மூன்று பேரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

"அண்ணி, ஏழு மணி மட்டும் வாயத் தொறக்காதீங்க!" என்றார் கிளிஃப்.

"கென்ட்ல போய் எண்ணச் சொல்லுங்கண்ணே," என்றார் நார்மன்.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது வில்ஃப். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, இவளுக்கு இன்னும் பேச வரல," என்றார். வாழ்நாளெல்லாம் தம்பிகளிடம் சிரிப்பு வாங்கினவர், அன்றுதான் அவர்களோடு ஒரே பக்கம் உட்கார்ந்து சிரிக்கக் கிடைத்தது. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை. குழம்புச் சட்டியை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அவர் வேலைவாய்ப்பு ஆபீசில் உதவித்தொகைக்குக் கையெழுத்துப் போடப் போயிருந்தபோது, நான் பஸ் ஏறி அணைக்குப் போனேன். வளைவில் இருந்த கற்களை எண்ணினேன். ஒன்பது. ஒன்பதாவது கல்லிலிருந்து ஒன்பதடி நடந்து திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டாம் படத்தில் தூரத்தில் ஒரே ஒரு புகைபோக்கி இருக்கும். எங்கள் ஊர் ஆலைக்குப் புகைபோக்கி இரண்டு; ஓவியர் ஒன்றை விட்டுவிட்டார் என்று வில்ஃப் நினைத்திருந்தார். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ஒன்றை இன்னொன்று மறைத்து, ஒன்றாகத் தெரிந்தது. கொஞ்சம் தள்ளிப் போனால் இரண்டாகப் பிரிந்தது. மறுபடி நகர்ந்து நின்றேன். ஒன்று.

நாரை என் செருப்புக்கு அடியில் இருந்தது. வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு உரித்தேன்.

அவர் கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். 'அன்னைக்கு என்னமோ சொன்னியே, மேவிஸ்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மண்வெட்டியோடு கிளம்புவார். சாயங்காலம் முட்டிவரை சேற்றோடு வருவார். அவர் காலுறைகளைத் தொட்டியில் தேய்த்துத் துவைக்கும்போது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன பயன்? பதினாலு மாதம் அந்தத் திருப்தியில் வாழ்ந்தேன். நடுவில் மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சுச் சளி பிடித்து இரண்டு வாரம் படுத்தார். அப்போது வாய்வரை வந்தது. நார்மன் பார்க்க வந்து, "என்ன அண்ணி, ஏழு மணி ஆயிடுச்சா?" என்றார். வந்ததை விழுங்கிவிட்டேன்.

எண்பத்து நாலு வசந்தத்தில், தெற்கே சர்ரேயிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பல் டாக்டர் ஒரே நாளில் நாரையைத் தோண்டி எடுத்தார். பத்திரிகையில் சேற்றுக் கையோடு சிரித்தபடி நின்றார். எந்த இடம் என்று அதில் சொல்லவில்லை, அணையின் பெயர் இருந்தது. வில்ஃப் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் ஃபேன்ஷா எங்கள் ஊர் நூலகத்துக்கு வந்து பேசினார். நல்ல கோட்டு, மென்மையான குரல். மதிலின் படத்தைத் திரையில் காட்டி, "வளைவுல இருக்கற கல்லு மட்டும். ஒன்பது. ரொம்ப சுலபம்," என்றார்.

பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்: "மட்டும்னா அது வரைக்கும்னுதானேய்யா!"

அரங்கமே ஆமாம் ஆமாம் என்றது. ஃபேன்ஷா புரியாமல் பார்த்தார். நூலகர் காதில் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "அப்படியா! வேடிக்கையா இருக்கே. நான் யோசிக்கவே இல்ல."

வில்ஃப் எழுந்தார். தொப்பி கையில் இருந்தது. "சால்வைய நான் படிச்சேன் சார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே."

"படிச்சீங்களா? சபாஷ்," என்றார் ஃபேன்ஷா. "அடுத்து யாரு கேக்கறீங்க?"

வில்ஃப் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். திரையைப் பார்ப்பதைப் போல நான் இருந்தேன்.

பஸ் பாதி வழி வந்ததும், "நீ ஏன் ரெண்டாவது தடவை சொல்லல, மேவிஸ்?" என்றார்.

"ஒரு தடவை சொன்னதுக்கே சிரிச்சீங்களே."

"ஆமா. சிரிச்சேன்." தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "அவனுங்க சிரிச்சானுங்கன்னு நானும் சிரிச்சேன். தப்பு என் பேர்லதான். மரமண்டைன்னு சொன்னவன் சரியாத்தான் சொல்லியிருக்கான்."

அப்போது சொல்லியிருக்கலாம். உங்கள் மண்டையில் ஒரு குறையும் இல்லை, சால்வையை இந்த நாட்டில் உங்களைப்போல் யாரும் படித்திருக்க முடியாது, நாரையை மண்ணுக்குள் விட்டுவைத்தது நான் என்று சொல்லியிருக்கலாம். பஸ் குலுங்கியது. நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்கப்புறம் நீயா போய் ஒரு தடவைகூட எண்ணிப் பாக்கலையா?" என்றார்.

"இல்ல," என்றேன்.

தலையாட்டினார். "போயிருந்தா சொல்லியிருப்ப," என்றார். என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். அதை நம்பிக்கொண்டே இருந்தார்.