விளக்கை அணைத்த மரியாதை

சென்ற கோடையில், கரவன் என்னும் வீட்டு வண்டியைக் காரில் பூட்டிக்கொண்டு, நாங்கள் வசிக்கும் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு கடற்கரை முகாமுக்குப் புறப்பட்டோம். வழியில் மச்சாள் தன் வீட்டில் சாப்பிடாமல் எங்களைப் போக விடவில்லை; அதில் நேரம் பிந்திவிட்டது. போய்ச் சேர்ந்தபோது முகாமில் எல்லோரும் உறங்கியிருந்தார்கள். பிந்தி வருபவர்கள் விடியும்வரை தங்குவதற்கு வாசலருகே தனி இடம் இருந்தது. களைப்பில் அதைக் கடந்து, எங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்கே போனோம்.

"லைட்டை நிப்பாட்டுங்கோ, சனம் நித்திரை," என்றேன் கணவரிடம்.

"பிறகு நான் எப்பிடிப் பாக்கிறது?"

"நான் பின்னுக்கு நிண்டு சொல்லுறன். வாங்கோ."

இருட்டில் கரவன் பின்னோக்கி வந்தது. என் காலில் ஒரு கயிறு தட்டியது. பக்கத்தில் ஒரு குழந்தை இருமியது. அப்போதுதான் அங்கே சிறிய கூடாரம் இருப்பது தெரிந்தது.

"ஐயோ, நிப்பாட்டுங்கோ!"

முகாமே விழித்துவிட்டது. கரவனின் பின்புறம் கூடாரத் துணியைத் தொட்டுக்கொண்டு நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த தாய் எங்களை ஏசவில்லை. கரவன் தொட்டு நின்ற இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

இப்போது பிந்தினால் முகாமுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, வாசலருகிலேயே, கரவனைக் கழற்றாமல் படுக்கிறோம்.

"இவ்வளவு தூரம் வந்து கேற்றடியிலயோ படுக்கிறது?" என்று கணவர் ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொள்கிறார்.

"ஓம். பின்னுக்கு ஆர் படுத்திருக்கினம் எண்டு விடிஞ்சாப் பிறகு பாப்பம்," என்கிறேன்.