பாபநாசம் படித்துறையில் ஒரு நீலச் சட்டை

இன்று காலை பாபநாசத்தில் துணி அள்ளிக்கொண்டிருந்தேன். குளிக்க வருகிறவர்கள் சடங்காக ஆற்றில் விட்டுப்போகும் துணியை நூலாக்க முடியுமா என்று எங்கள் கல்லூரியும் ஒரு நூற்பாலையும் சேர்ந்து ஆராய்கிறோம்.

நான் ஒரு நீலச் சட்டையை எடுத்ததும் ஓர் அம்மா பதறி ஓடி வந்தார்.

"அது எங்க வீட்டுக்காரரு சட்டை. காரியம் முடிச்சு இப்பதான் விட்டேன். என்னத்துக்குய்யா எடுக்குதிய?"

"ஆறு நாறிப்போகுதும்மா. இதைப் பிரிச்சுப் புதுத்துணி நெய்யலாம்."

"அப்ப வேற யாரோ உடுத்துவாவளா? அவரு போய்ச் சேர வேண்டாமா?"

சட்டையை அவரிடமே கொடுத்தேன். மறுபடியும் ஆற்றில் விட்டார்.

அவர் போன பிறகும் அது படியிலேயே தட்டி நின்றது. எடுக்காமல் வந்துவிட்டேன். பேருந்தில் இருப்புக்கொள்ளவில்லை.

கூட்டு ஆராய்ச்சி என்று பெயர். துணியை விடுகிறவர்களிடம் நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீங்களாக இருந்தால் எடுத்திருப்பீர்களா?