இருபதுக்கு இருபது டிக்

என் மகள் ஒரு மேதை என்பதை அவளுக்கு நாலு வயதாகும்போது ஒரு தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் அவள் படித்த எல்.கே.ஜி. பள்ளி அனுப்பிய தாள் அது. 'அதீதத் திறமையுள்ள குழந்தையின் அறிகுறிகள்' என்று தலைப்பு, கீழே இருபது வரிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம். பொருந்துகிற இடத்தில் டிக் போட்டுத் தர வேண்டும். பிறகு நாவலூரிலிருந்து ஒரு நிபுணர் வந்து பிள்ளைகளைக் கவனித்து, ஐந்து பேரை மட்டும் சிறப்பு வகுப்புக்கு எடுப்பாராம். அந்த ஐந்தில் என் மகள் இருந்தே தீர வேண்டும் என்று அன்று சாயங்காலமே முடிவு செய்துவிட்டேன்.

பேனாவோடு உட்கார்ந்தேன். 'குறைவாகத் தூங்கும்.' எங்களையும் தூங்க விடுவதில்லை. டிக். 'சட்டை லேபிள் உறுத்துவதாக அழும்.' சட்டையே உறுத்துகிறது என்று கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறவள். கட்டத்தில் இரண்டு டிக் போட இடமில்லை. 'தன்னைவிட மூத்தவர்களோடு பழகும்.' தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர்தான் அவளுக்கு உயிர்த் தோழர். அவருக்கு ஐம்பது வயதாவது இருக்கும். டிக். 'நகைச்சுவை உணர்வு மிகுந்திருக்கும்.' நான் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது கைதட்டிச் சிரித்து, இன்னொரு தடவை விழச் சொன்னாள். இடுப்பைத் தடவிக்கொண்டே அதற்கும் டிக்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "புடிவாதம், சின்னதுக்கெல்லாம் கோவம், சொன்ன பேச்சைக் கேக்காதது... இதெல்லாம் உங்களுக்கும்தான் கீது. நீங்களும் எல்.கே.ஜி.ல சேந்துடுங்க."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து இன்னொரு தாள் வந்தது. பிள்ளைகளை இயல்பான சூழலில் கவனிப்பதற்காக மாமல்லபுரம் சுற்றுலா. வெண்ணெய் உருண்டைப் பாறை அருகே நிபுணருடன் உரையாடல். பெற்றோரில் ஒருவர் உடன் வரலாம். இயல்பாக இருக்க வேண்டும் என்பதால் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தேன். சரிவில் தனியாக நிற்கும் அவ்வளவு பெரிய பாறையைக் காட்டி வேறு என்ன கேட்டுவிடப் போகிறார்கள்? பல் தேய்க்கும்போது ஒரு தடவை, தோசைக்கு முன்னால் ஒரு தடவை கேட்பேன். "கல்லு ஏன் உருளல?" அவள் வாயில் நுரையோடு, "ஈர்ப்பு மையம்!" என்பாள். எனக்குப் புல்லரிக்கும். மகள் இயற்பியல் பக்கம் சாய்கிறாள் என்று அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன்.

ஒரே பயம் அவள் வகுப்பிலேயே படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன்தான். உலகத்தில் இருக்கிற நாட்டுக் கொடியெல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் அப்பா அதைத் தினமும் லிஃப்டில் எனக்கு நினைவுபடுத்துவார்.

அந்த நாளும் வந்தது. பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. பாறையைக் கையால் தாங்குகிற மாதிரி ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் அடி நிழலில் ஒரு குடும்பம் உட்கார்ந்து மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்ப் பத்தை தின்றுகொண்டிருந்தது. நிபுணர் அம்மா அட்டையில் தாளைச் சொருகிக்கொண்டு பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்தார்.

"இவ்ளோ பெரிய கல்லு ஏன் உருண்டு வரல? யாருக்குத் தெரியும்?"

நான் கேட்ட அதே கேள்வி! பக்கத்து வீட்டுப் பையன் முந்திக்கொண்டு கையைத் தூக்கினான். அந்தப் பக்கம் போன ஒரு வெளிநாட்டுக்காரரின் பனியனில் இருந்த கொடியைக் காட்டி, "பிரேசில்!" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். கேட்ட கேள்வி என்ன என்று ஒருவருக்கும் நினைவில்லை.

நிபுணர் என் மகள் பக்கம் திரும்பினார். நான் பின்னால் நின்று உதட்டை மட்டும் அசைத்தேன். ஈர்ப்பு. மையம். அவள் என்னைப் பார்த்தாள். பாறையை அண்ணாந்து பார்த்தாள். மாங்காய் தின்கிறவர்களைப் பார்த்தாள். பிறகு, ஏதோ அவசர வேலை இருக்கிற மாதிரி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது கையில் மசால்வடை அளவுக்கு ஒரு கல். அதைப் பாறையின் அடியில், சரிவுப் பக்கமாகச் செருகி, உள்ளங்கையால் தட்டினாள். இன்னொரு கல்லுக்குப் போனாள். அதையும் செருகினாள். மூன்றாவதுக்குக் கிளம்பியபோது நான் பொறுமை இழந்து கையைப் பிடித்து இழுத்தேன்.

"மண்ணுல இன்னா வெளையாட்டு? மேடம் கேக்குறாங்கல்ல, பதில் சொல்லு!"

அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் அதைவிடச் சத்தமாக அழுதாள். நிபுணர் ஏதோ எழுதினார். கழுத்தை நீட்டிப் படித்தேன். 'கேள்வியில் கவனம் இல்லை.'

திரும்பும் பஸ்ஸில் அவள் என் பக்கமே திரும்பவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அப்பா, ரெண்டு கல்லு போதுமா? கீழ ஆளுங்க உக்காந்துகினு இருந்தாங்களே."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பழைய காரில் ஹேண்ட்பிரேக் பிடிக்காமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த வாரம், அடுத்த வாரம் என்று நான் தள்ளிப்போட்டதில், மேடு பள்ளத்தில் எங்கே நிறுத்தினாலும் இறங்கிப்போய் டயருக்குக் கீழே கல் வைப்பது அவள் வேலையாகிவிட்டது. பெரிய உருண்டை, சரிவு, கீழே ஆட்கள். கல் வைக்காமல் அவளால் எப்படி நிற்க முடியும்? என் பெண் அங்கே ஒருத்தியாக அத்தனை பேரின் உயிரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நான் அவளை ஈர்ப்பு மையம் சொல்லச் சொல்லித் திட்டினேன். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், "போதுமா, போதாதா?" என்றாள்.

வீட்டில் சொன்னேன். மனைவி நெடுநேரம் சிரித்தாள். "நீங்க ஒழுங்கா மெக்கானிக் கிட்ட போயிருந்தா புள்ள ஈர்ப்பு மையம்னு சொல்லிட்டு வந்துருக்கும்."

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். கொடிப் பையன் இருந்தான். என் மகள் இல்லை. எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறினேன். அவளோ பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் காலையில், "அந்தக் கல்லு இன்னும் நிக்குதாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மாமல்லபுரம் போனோம். அவள் வைத்த இரண்டு கல்லையும் காணோம். யாரோ பெருக்கித் தள்ளியிருந்தார்கள். முகம் சுருங்கியது, ஆனால் நேரத்தை வீணாக்கவில்லை. என்னை ஒரு பக்கமும் அவள் அம்மாவை ஒரு பக்கமும் கல் பொறுக்க அனுப்பினாள். நான் கொண்டுவந்த முதல் கல்லைச் சின்னது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நாலாவது கல் வைக்கும்போது விசில் சத்தம் கேட்டது. காவலாளி வந்து நின்றார்.

"இன்னா சார், குடும்பத்தோட இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "கீழ உக்கார்றவங்க மேல உருண்டுடும்ல அண்ணா."

அவர் சிரித்தார். "இது எந்தக் காலத்துலேர்ந்தோ இப்டியேதான் நின்னுகினு கீது பாப்பா. உருளாது."

"இனிமே உருளாது," என்று திருத்தினாள்.

காவலாளி என்னைப் பார்த்தார். அவர் மெதுவாகக் குனிந்து அந்த நாலு கல்லையும் பார்த்தார். பிறகு, கடைசிக் கல் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதென்று, பூட்ஸ் காலால் அதை உள்ளே தள்ளிவிட்டார்.