பாலம் வந்தால் ஹோன் அடிக்கும் மச்சான்

கராம்புச் சிகரெட் மணம் எங்கே வந்தாலும், போர் முடிந்த அந்த வசந்தத்தின் எரிச்சலும் கூடவே வந்துவிடுகிறது. என் மனைவியின் தம்பி செல்வன் பாலித் தீவில் சுற்றுலா வான் ஓட்டிவிட்டு, அந்த மணத்தோடுதான் ரொறன்ரோவில் வந்திறங்கினான். லைசென்ஸ் எடுத்தால் நயாகராவுக்கு வான் ஓட்டும் வேலை காத்திருந்தது. அந்த வேலை கிடைத்தால்தான் வவுனியா அகதி முகாமில் இருந்த தன் மனைவியைக் கனடாவுக்குக் கூப்பிடலாம்.

டெஸ்ற்றுக்கு முதல்நாள் என் காரைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாலம் வரும்போதும் ஹோன் அடித்தான்.

"உது என்ன பழக்கம்?"

"பாலத்துக்குக் காவல் தெய்வம் இருக்கு, அத்தான். பாலியிலை கேட்டுத்தான் கடக்கிறது. கேளாமல் போனால், போன ஆள் திரும்பாதாம்."

"இஞ்சை காவலுக்குப் பொலிஸ்தான் நிக்கும். கையை எடு."

அடுத்த மேம்பாலத்தில் ஊர்ப் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் பதாகைகளோடு நின்றது. ஹோன் தங்களுக்குத்தான் என்று நினைத்து அவர்கள் கையசைக்க, இவனும் அண்ணாந்து கையசைத்தான். முன்னால் லொறி பிரேக் பிடித்ததை அவன் பார்க்கவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்ததால் தப்பினோம்.

இப்போதெல்லாம் யாருக்குக் கார் பழக்கினாலும் மில்லிக்கன் பிளாசாவின் வெறும் பார்க்கிங்கில்தான் தொடங்குகிறேன். ஊரில் எதற்கெல்லாம் ஹோன் அடிப்பீர்கள் என்றும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

அன்று அவன் தங்கியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணில் அவனை இறக்கிவிட்டபோது, கதவைச் சாத்தாமல் குனிந்து கேட்டான்.

"அத்தான், நாளைக்கு டெஸ்ற்றிலை பாலம் வருமோ?"

"வரும். மனசுக்குள்ளை அடி."